இரவல் சேலை



முதலில் ஒரு வாக்குமூலம். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

போன வருடம் நம் கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய ஹைட்ராலிக் லிஃப்ட் மாடல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீலப் பெயின்ட், சிவப்பு விளக்கு, பட்டனை அழுத்தினால் சத்தமில்லாமல் மேலே ஏறி நிற்கும் மேடை... எல்லோரும் கைதட்டினீர்கள். மேடையேறிச் சான்றிதழ் வாங்கிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

அந்த மாடலை நாங்கள் செய்யவில்லை. டவுனில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கினோம். ஆளுக்கு 800 ரூபாய். ரிப்போர்ட்டையும் பைண்டிங் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் செய்த ஒரே வேலை, முகப்பு அட்டையில் எங்கள் பெயர்களை எழுதி ஒட்டியதுதான்.

"இதுல என்னப்பா பெரிய அதிசயம்? எல்லாரும்தானே வாங்குறான்" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், அன்று மதியம் மூன்று மணி வரை.

மூன்று மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் எட்டிப் பார்த்தது. சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். பத்தாவது படிக்கும் மகனை நம் கல்லூரியில் சேர்க்கலாமா என்று பார்க்க அழைத்து வந்திருந்தார். எங்கள் மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இந்த சிலிண்டர் போர் எத்தனை எம்எம்? சீல் என்னது போட்டிருக்கீங்க? எவ்வளவு பிரஷர் தாங்கும்?" என்று கேட்டார்.

ஆறு பேர் நின்றோம். ஒருவனுக்கும் வாய் திறக்கவில்லை. ஒருவன் மட்டும், "ரிப்போர்ட்ல இருக்கு சார்" என்றான். பெரியவர் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார். "சரி தம்பி, நல்லா படிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தச் சிரிப்புக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்!

அவர் நேராகப் போனது எங்கே தெரியுமா? மாடிப்படிக்கு அடியில், வெளிச்சம் இல்லாத மூலையில், இரண்டாமாண்டுப் பிள்ளைகள் வைத்திருந்த சாணை பிடிக்கும் இயந்திரத்துக்கு. பழைய சைக்கிள் ஃபிரேம், காயலான் கடையில் எடுத்த புல்லி, பெடலை மிதித்தால் கல் சுற்றும். பார்க்க லட்சணமாக இல்லை என்று மூலையில் தள்ளியிருந்தார்கள். மிதிக்கும்போது கடகடவென்று ஆடும். ஆனால் கத்தி தீட்டும்! பெரியவர் அங்கே அரைமணி நேரம் நின்றார். "ஏன் ஆடுது?" என்று கேட்டதற்கு, "ஷாஃப்ட் சென்டர் ரெண்டு எம்எம் விலகிடுச்சு சார், திரும்பக் கடைஞ்சா சரியாயிடும், ஆனா லேத்துல எங்களுக்கு நேரம் கிடைக்கல" என்று அந்தப் பெண் பிள்ளை பட்டென்று சொன்னாள். பெரியவர் மகனைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருடா" என்றார்.

பரிசு எங்களுக்கு. பார்வையாளர் அவர்களுக்கு. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு அரங்கின் வாசலில் ஒரு பெயர் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது யாருடையதாக இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைத்தது. இத்தாலியில்! நூலகத்தில் அரியர் பேப்பருக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பழைய இதழ்களைப் புரட்டியபோது, வெனிஸ் நகரத்துக் கலைக் கண்காட்சி பற்றிப் படித்தேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன். 'டிப்ளமோ படிக்கிற நமக்கு ஓவியக் கண்காட்சி எதற்கு?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதில் லிஃப்ட் வருகிறது, அனல் மின் நிலையம் வருகிறது, அச்சு இயந்திரம் வருகிறது. எல்லாம் நம் சரக்குதான்.

வெனிஸ் பியனாலே 1895-ல் தொடங்கியது. பியனாலே என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று பொருள். உலகக் கலைஞர்களுக்கு அது ஒலிம்பிக் மாதிரி. அதிலுள்ள விசேஷம், நாடுகளுக்குத் தனித்தனி அரங்கு. 1907-ல் பெல்ஜியம் முதலில் அங்குள்ள பூங்காவில் சொந்தமாக ஒரு கட்டடம் கட்டியது. பிறகு பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்து இடம் பிடித்தன. முந்தியவன் கையில் மந்திரவாள் என்பார்களே, அதுதான் நடந்தது. பிந்தி வந்த நாடுகளுக்குப் பூங்காவில் இடமில்லை. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் அங்கே நிரந்தரக் கட்டடம் உள்ள நாடு எகிப்து ஒன்றுதான். நம் இந்தியாவுக்கும் கிடையாது.

இடமில்லாத நாடுகள் ஊருக்குள் பழைய மாளிகைகளை வாடகைக்கு எடுக்கும். அல்லது அர்செனாலே என்ற இடத்தில் கூடம் கேட்கும். அர்செனாலே என்பது வெனிஸ்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் கப்பல் கட்டிய தளம். கப்பலுக்குக் கயிறு திரித்த கூடம் மட்டுமே 300 மீட்டருக்கு மேல் நீளம். ஒர்க் ஷாப் என்றால் அதுவல்லவா ஒர்க் ஷாப்! இன்றைக்கு அங்கேதான் உலகக் கலை நிற்கிறது.

அந்த அர்செனாலேயில்தான் 2011-ல் இந்தியாவின் தேசிய அரங்கு திறந்தது. அதற்கு முன்பும் சில முறை இந்தியப் படைப்புகள் வெனிஸுக்குப் போனதுண்டு. ஆனால் ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, ஒரு கருத்தை வைத்து, முறையாகத் திட்டமிட்டு அமைத்த முதல் தேசிய அரங்கு அதுதான். கண்காட்சி தொடங்கி 116 வருடம். நாடு சுதந்திரம் அடைந்து 64 வருடம். ராக்கெட் விட்டோம், அணுகுண்டு வெடித்தோம், இதற்கு மட்டும் அவ்வளவு காலம் பிடித்தது. லலித் கலா அகாதெமி அரங்கை நடத்தியது. பொறுப்பாளர் ரஞ்சித் ஹோஸ்கோட்டே என்ற மும்பைக் கவிஞர், கலை விமர்சகர்.

இந்தியாவின் முதல் அரங்கு என்றால் நாம் என்ன வைத்திருப்போம்? தாஜ்மகால், மயில், தாமரை, பரதநாட்டியம், வாசலில் ஒரு யானை. நம் ஆண்டு விழா மேடையில் பின்னால் வரைவோமே, அதே படம். ஹோஸ்கோட்டே அதை எதையும் வைக்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்தது மூன்று தனிக் கலைஞர்களையும் ஒரு இரட்டையர் குழுவையும்.

கிகி ஸ்காரியா என்பவர் கேரளத்தில் பிறந்து டில்லியில் வாழ்பவர். அவர் ஒரு லிஃப்ட் வைத்தார். கதவு திறக்கும், நீங்கள் உள்ளே போகலாம், கதவு மூடும். லிஃப்ட் நகராது. ஆனால் சுற்றியிருக்கும் மூன்று சுவர்களிலும் படம் ஓடும். அடித்தளத்து கார் நிறுத்தும் இடம், அதற்கு மேல் மாடி மாடியாக மனிதர்கள் வாழும் வீடுகள், உச்சியில் நகரம் முழுவதும் தெரியும் மொட்டைமாடி... நின்ற இடத்தில் நின்றபடியே இந்தியாவின் ஏழையிலிருந்து பணக்காரன் வரை ஏறி இறங்கிவிடுகிறோம். நாங்களும் லிஃப்ட் வைத்தோம், அவரும் லிஃப்ட் வைத்தார். எங்களுடையது உண்மையிலேயே ஏறியது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவருடையது இம்மியும் ஏறவில்லை, ஆனால் ஒரு தேசத்தையே சொல்லிவிட்டது!

குவாஹாத்தியைச் சேர்ந்த சோனல் ஜெயின், மிருகாங்க மதுகல்யா என்ற இருவர், தங்கள் ஊருக்கு அருகே கைவிடப்பட்டுக் கிடந்த அனல் மின் நிலையத்தைப் படமெடுத்து வைத்தார்கள். ஒரு காலத்தில் ஊருக்கு வெளிச்சம் கொடுத்த இயந்திரங்களின் மேல் செடி கொடி படர்ந்து கிடக்கிறது. மின்னியல் துறை நண்பர்கள் அதைப் பார்த்தால் ஓவியம் என்று சொல்ல மாட்டார்கள், 'ஐயோ, டர்பைன் வீணாப் போச்சே' என்று அடித்துக்கொள்வார்கள். அந்த அடித்துக்கொள்ளுதலும் கலையின் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொல்கத்தாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே வாழும் பிரனீத் சோய், கொல்கத்தாவின் குமார்துலி பகுதியில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்யும் தொழிலாளியையும் அவர் கைகளையும் வரிசையாகப் படங்களாக்கிக் காட்டினார். நான்காமவர் ஜரீனா ஹாஷ்மி. 1937-ல் அலிகாரில் பிறந்தவர், கணிதம் படித்தவர், நியூயார்க்கில் வாழ்ந்தவர், 2020-ல் காலமானார். பிரிவினைக்குப் பிறகு அவர் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. வீடு என்ற ஒன்றைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் வேலை செய்தார். அவருடைய மரச்செதுக்கு அச்சுகள் 36 கொண்ட ஒரு தொகுப்பில், ஒவ்வொன்றிலும் ஒரு உருதுச் சொல், சில கோடுகள். சிவில் மாணவன் பார்த்தால் பில்டிங் பிளான் என்பான். உண்மையில் அது இழந்துபோன வீட்டின் பிளான்.

லிஃப்ட், பவர் பிளான்ட், பிரிண்டிங் மெஷின், வீட்டு பிளான். நாட்டின் முதல் அரங்கில் போய் நின்றது நம் நான்கு துறைகள் என்று சொன்னால் மிகையா?

இந்த இடத்தில் என் அறை நண்பன் குறுக்கே விழுந்தான். "நாட்டுல சோத்துக்கே வழியில்லாத ஜனம் இருக்கு. இத்தாலிக்குப் போய் ஓட்டை லிஃப்ட் காட்டறதுக்கு சர்க்கார் பணம் எதுக்குடா?" என்றான். நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

என் பதில் இதுதான். நாம் போய்ப் பேசாவிட்டால் நம்மைப் பற்றி யாரும் பேசாமல் இருக்கப் போவதில்லை. வேறு யாராவது பேசுவார்கள். பாம்பாட்டி, யானை, பட்டினி என்று நூறு வருடம் அடுத்தவன் எடுத்த படம்தான் நம் முகமாக உலகத்தில் ஓடியது. காலி நாற்காலியில் யாராவது உட்காரத்தான் செய்வார்கள். இது வெறும் பேச்சு இல்லை. அப்படியே நடந்த கதை ஒன்று உண்டு. அதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும்.

2013-ஆம் ஆண்டுக் கண்காட்சி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டு நாடுகளைப் பாருங்கள். ஒன்று அங்கோலா, மற்றொன்று கென்யா.

அங்கோலா 1975-ல் போர்ச்சுகல்லிடமிருந்து விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற கையோடு உள்நாட்டுப் போர். அது 2002-ல்தான் ஓய்ந்தது. போர் முடிந்து பதினோரு வருடத்தில் அந்த நாடு வெனிஸில் தன் முதல் அரங்கைத் திறந்தது. இடம், சீனி என்ற பழைய மாளிகை. சுவரெல்லாம் விலைமதிக்க முடியாத பழைய இத்தாலிய ஓவியங்கள். அந்தச் சுவரை அங்கோலாக்காரர்கள் தொடவில்லை. தரையில் மரப் பலகைத் தட்டுகளை வரிசையாகப் போட்டார்கள். நம் குடோனில் மூட்டை அடுக்க வைத்திருப்போமே, அந்த மாதிரி தட்டு. அதன் மேல் கட்டுக் கட்டாக அச்சடித்த புகைப்படங்கள். 23 படங்கள், 23 அடுக்குகள். எடுத்தவர் எட்சன் சாகஸ், லுவாண்டா நகரத்துக்காரர். தெருவில் தூக்கிப் போட்ட பொருள்களை எடுத்து, பொருத்தமான ஒரு சுவருக்கு முன்னால் வைத்துப் படமெடுத்திருந்தார். ஒவ்வொன்றையும் பார்த்தால் நம் தெரு மாதிரியே இருக்கும். வருகிறவர்கள் பிடித்த படங்களை எடுத்துக்கொண்டு போகலாம். அவ்வளவுதான் அரங்கு.

அந்த ஆண்டு சிறந்த தேசிய அரங்குக்கான தங்கச் சிங்கம் விருது யாருக்குக் கிடைத்தது? பூங்காவில் நூறு வருடமாகக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கா? இல்லை. முதல் தடவை வந்த அங்கோலாவுக்கு! அந்த விருதை வென்ற முதல் ஆப்பிரிக்க நாடு அதுதான்.

அதே வருடம் கென்யாவின் பெயரிலும் ஒரு அரங்கு இருந்தது. பெயர்ப் பலகையில் கென்யா. உள்ளே போனால் பெரும்பாலோர் சீனக் கலைஞர்கள். கென்யர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். 2015-ல் மறுபடியும் அதே மாதிரி ஒரு பட்டியல் வெளியானது. நைரோபியில் இருந்த கலைஞர்கள் கொதித்துப் போனார்கள். 'எங்கள் நாட்டின் பெயரில், எங்களுக்குத் தெரியாமல், யாரோ நிற்கிறார்களே' என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். மைக்கேல் சோய் என்ற ஓவியர் அந்த அவமானத்தையே பொருளாக வைத்து ஓவிய வரிசை ஒன்று வரைந்தார். கடைசியில் கென்ய அரசே அந்த அரங்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அறிவிக்க, கென்யா அந்த ஆண்டு விலகியது.

நண்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. அந்த நீல நிற லிஃப்ட் கண்முன் வந்தது. பெயர்ப் பலகையில் 'இயந்திரவியல் துறை' என்று எழுதி, உள்ளே கடைக்காரர் செய்ததை வைத்தோமே, நாங்கள் செய்தது அதே காரியம் இல்லையா? கென்யாவிலாவது அந்த ஊர்க் கலைஞர்கள் எதிர்த்துக் கேட்டார்கள். நம் கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் நாமே நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. வெளிநாட்டுக் கை பட்டதுதான் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அங்கோலா அரங்கை அமைத்த இருவரில் பவுலா நஸிமெண்டோ அங்கோலாக்காரர், ஸ்டெஃபானோ ரபோலி பன்சேரா இத்தாலியர். இருவரும் கட்டடக் கலைஞர்கள். நம் ஜரீனா வாழ்ந்தது நியூயார்க்கில். அதனால் அரங்கு அந்நியமாகிவிடவில்லை. எங்கே வாழ்கிறார், பாஸ்போர்ட் என்ன நிறம் என்பது கேள்வி இல்லை. சொல்லப்படுவது அந்த மண்ணின் வாழ்க்கையா, கேட்டால் பதில் சொல்ல அந்த மண்ணில் ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் பிராஜெக்ட்டுக்கும் இதே கணக்குதான். பேரிங்கை வீட்டில் செய்து கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை. மோட்டார் வாங்கலாம், போல்ட் வாங்கலாம், சர்க்யூட் போர்டும் வாங்கலாம். பாகம் வாங்குவது வேறு, பரிசு வாங்குவதற்கான மொத்தத்தையும் வாங்குவது வேறு. 'ஏன் இந்த அளவு?' என்று ஒருவர் கேட்டால் பதில் நம் வாயிலிருந்து வர வேண்டும். அதுதான் எல்லைக்கோடு.

ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம். இரவல் சேலைக்காரி ஒருநாள் வந்து கேட்பாள், கழற்றிக் கொடுக்க வேண்டும். எங்களிடம் அந்த லேத் பட்டறைக்காரர் வந்து கேட்டார். நாளைக்கு உங்களிடம் இன்டர்வியூவில் கேட்பார்கள். அதற்கும் மறுநாள், ஷாப் ஃப்ளோரில் இயந்திரம் நின்றுபோனால் சூப்பர்வைசர் கேட்பார். அங்கே 'ரிப்போர்ட்ல இருக்கு சார்' என்று சொல்ல முடியாது.

கந்தை என்று நினைத்து எறிவதில்தான் சில சமயம் பொன் இருக்கிறது. 2019-ல் கானா நாடு வெனிஸில் தன் முதல் அரங்கைத் திறந்தது. அதில் எல் அனட்சுய் என்ற மூத்த கலைஞரின் படைப்பு இருந்தது. அவர் மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகளைச் சேகரித்து, தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் தைத்து, ராஜா போர்த்தும் சால்வை மாதிரி பெரிய பெரிய விரிப்புகள் ஆக்குபவர். அதே அரங்கில் செலாசி அவுசி சோசு என்ற பெண், கண்ணாடித் தொழிற்சாலையையே பொருளாக எடுத்து வீடியோ வைத்தார். அரங்கின் சுவர்களுக்குக் கானாவிலிருந்து கொண்டுவந்த மண்ணைப் பூசியிருந்தார்கள். புட்டி மூடி, செம்புக் கம்பி, மண். நம் ஸ்கிராப் யார்டில் இல்லாத ஏதாவது இதில் இருக்கிறதா? மாடிப்படிக்கு அடியில் இருந்த சாணை இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள்.

இனி இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழியை எல்லாம் மாணவன் தலையில் கட்டியவனாகிவிடுவேன்.

கென்யாவில் ஏன் அப்படி நடந்தது? அங்கே கலைஞர்கள் இல்லாமலா? தாராளமாக இருந்தார்கள். ஆனால் அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றது. காசு உள்ளவன் வந்து இடத்தை நிரப்பினான். 2017-ல் கென்யக் கலைஞர்களே தங்கள் அரங்கோடு போனபோதுகூட, தருவதாகச் சொன்ன பணம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கடைசி நேரத்தில் ஊருக்குத் தள்ளி ஒரு தீவில், பள்ளிக் கட்டடம் ஒன்றில் காட்சி வைத்தார்கள். ஆனாலும் வைத்தார்கள்!

நம் நாடும் உத்தமம் இல்லை. 2011-ல் முதல் அரங்கைத் திறந்து பாராட்டு வாங்கிய இந்தியா, அடுத்த 2013-ல் எங்கே? இல்லை. 2015-ல்? இல்லை. 2017-லும் இல்லை. காந்தியடிகளின் 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி 2019-ல்தான் இரண்டாவது அரங்கு வந்தது. எட்டு வருட இடைவெளி. அதன்பின் 2022, 2024 இரண்டு முறையும் மறுபடி காலி. முதல் தடவை செய்வது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் தடவைக்கு உற்சாகம் போதும், இரண்டாவது தடவைக்கு ஏற்பாடு வேண்டும். முதல் அரங்கு அமைத்தவர்கள் கற்றுக்கொண்டதை அடுத்தவர்களுக்குக் கொடுக்க ஒரு நிரந்தர அமைப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்.

நம் கல்லூரியிலும் இதே நிலைதான். நாங்கள் ஏன் கடைக்குப் போனோம்? சோம்பேறித்தனம் பாதி. மீதி என்ன? ஒர்க் ஷாப் நான்கு மணிக்குப் பூட்டப்படும். லேத்தில் நிற்க முறை வராது. ஒரு ஆங்கிள் துண்டு வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து. கடைசி செமஸ்டரில் பரீட்சையும் பிராஜெக்ட்டும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும். போன வருடத்து சீனியர் என்ன செய்தார், எங்கே தவறினார் என்று பார்க்க ஒரு ஏடு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர்கள் பெயின்ட்டைப் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். மூலையில் ஆடிக்கொண்டே கத்தி தீட்டிய இயந்திரத்துக்கு ஒரு ஆறுதல் பரிசுகூட இல்லை. அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் கடைக்குப் போனால் குற்றம் யாருடையது?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள்கள் இவை. அலங்காரப் பேச்சு வேண்டாம், நேராகச் சொல்கிறேன்.

ஒன்று, கண்காட்சிக்கு முந்திய இரண்டு மாதம் ஒர்க் ஷாப்பை மாலை ஆறு மணி வரை திறந்து வைக்கும்படி நிர்வாகத்தைக் கேட்போம். இன்ஸ்ட்ரக்டர் ஐயாக்களுக்கு அது கூடுதல் சுமைதான், மறுக்கவில்லை. முறை போட்டுக்கொண்டு நாம் கூட்டிப் பெருக்கி, மெஷினைத் துடைத்து, சாவியைக் கையில் கொடுப்போம்.

இரண்டு, ஸ்கிராப் யார்டில் கிடப்பதை ஒரே கையெழுத்தில் எடுக்க அனுமதி வாங்குவோம். துருப்பிடித்து மண்ணோடு போவதைவிட மாணவன் கையில் போகட்டும்.

மூன்று, கண்காட்சியில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் மூன்றே வரி. நாங்கள் செய்தது என்ன? வாங்கியது என்ன? சரியாக வராதது என்ன? மூன்றாவது வரி காலியாக இருக்கும் மேசையை நடுவர்கள் சந்தேகத்தோடு பார்க்கட்டும். ஒன்றுமே தவறாத வேலை, செய்தவன் கையில் இருக்காது. விற்பவன் கையில்தான் இருக்கும்.

நான்கு, துறைக்கு ஒரு பெரிய நோட்டு. அந்த வருடத்துப் பிராஜெக்ட்டின் அளவுகள், செலவு, சறுக்கல் எல்லாம் அதில் ஏற வேண்டும். அடுத்து வருகிறவன் நாம் விழுந்த குழியில் விழாமல் புதிய குழியில் விழட்டும். அதற்குப் பெயர்தான் முன்னேற்றம்.

"இதெல்லாம் சொல்றதுக்கு நல்லாருக்கு. இன்டர்னல் மார்க் போச்சுன்னா நீ கொடுப்பியா?" என்று என் நண்பன் கேட்கிறான். கொடுக்க முடியாதுதான். அதனால்தான் தனி ஆளாக யாரையும் வீரம் காட்டச் சொல்லவில்லை. பேரவையாகச் சேர்ந்து கேட்போம் என்கிறேன். நைரோபியில் ஒரே ஒரு ஓவியர் கத்தியிருந்தால் காற்றோடு போயிருக்கும். பலர் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள், ஒரு அரசாங்கம் பதில் சொன்னது.

கடைசியாக, சொந்த விஷயம். அந்த முதல் பரிசுச் சான்றிதழ் இன்னும் என் பெட்டிக்குள்தான் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டவும் மனசு வரவில்லை, கிழிக்கவும் மனசு வரவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அதைத் துறைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன். மற்ற ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டேன். இருவர் கூட வருகிறேன் என்றார்கள். ஒருவன் திட்டினான். இருவர் இன்னும் யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும்.

இந்த வருடக் கண்காட்சிக்கு நானும் ஒரு வேலை எடுத்திருக்கிறேன். இரண்டாமாண்டுப் பிள்ளைகளாக இருந்து இப்போது மூன்றாமாண்டுக்கு வந்துவிட்ட அதே குழுவிடம் போய், "அந்த ஷாஃப்ட்டைத் திரும்பக் கடையணும்னா நான் லேத்துல நிக்கறேன்" என்று கேட்டேன். அரியர் எழுத வந்துபோகும் பழைய மாணவன்தானே என்று அந்தப் பெண் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு எம்எம் அண்ணா. ரெண்டு எம்எம்தான். ஜாஸ்தி எடுத்துடாதீங்க" என்றாள்.

இந்தத் தடவை அதை மாடிப்படிக்கு அடியில் வைக்கக் கூடாது. வாசலிலேயே வைப்போம். அந்தப் பெரியவர் மறுபடி வந்தாலும் வருவார். வந்து எது கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

— இயந்திரவியல் துறை, அரியர் முடிக்கக் காத்திருக்கும் ஒரு மாணவன்